அலங்கு குடைந்த வழி

மேகங்கள் மரங்களின் மேல் வந்து இளைப்பாறும் ஒரு மலைக்காட்டில், யானைக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. வேழினி என்னும் பெண் யானை அதன் தலைவி. மகா அவசரக்காரி. நினைத்தது அந்த நொடியே நடந்தாக வேண்டும் அவளுக்கு.

ஒரு நாள் அவளுடைய குட்டி செம்பன், மலைச்சரிவில் இருந்த ஆழமான குழிக்குள் விழுந்துவிட்டான். வேழினி பதறி ஓடினாள். அவள் கால் பட்டதுமே விளிம்பு மண் பொலபொலவென்று சரிந்து குட்டியின் மேல் கொட்டியது.

"யாரும் கிட்டே போகாதீர்கள்! நம் பாரமே அவனைப் புதைத்துவிடும்!" என்று அலறினாள்.

அப்போது புதரிலிருந்து ஓர் அலங்கு மெல்ல வெளியே வந்தது. உடம்பெல்லாம் செதில், நீண்ட நகங்கள். புற்றைத் தோண்டி எறும்பு தின்னும் பொறுமைசாலி அது.

"அம்மா, எனக்குப் பாரம் இல்லை. கீழ்ச்சரிவிலிருந்து குழியின் அடிவரைக்கும் ஒரு சிறு வழி குடைகிறேன்; பிறகு நீங்கள் கீழிருந்து அதை அகலமாக்கலாம். ஐந்து நாள் பிடிக்கும். அதுவரை தூர நின்று அவனுக்குக் காட்டுவாழைத் தண்டுகளை வீசுங்கள்" என்றது.

மரத்தில் இருந்த குரங்கு சிரித்தது. "ஐந்து நாளா? நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்!"

மூன்று நாள் வேலை சீராக நடந்தது. நான்காம் நாள் மழை கொட்டியது. குடைந்ததில் பாதி இடிந்து மூடிக்கொண்டது. அலங்கு மண்ணை உதறிக்கொண்டு மறுபடியும் தொடங்கியது.

ஐந்தாம் நாள் குறுக்கே ஒரு பாறை நின்றது.

"நாள் முடிந்தது, வழி எங்கே?" என்று கத்தியது குரங்கு.

"கணக்கு தப்பிவிட்டது. பாறையைச் சுற்றித்தான் போக வேண்டும்" என்றது அலங்கு.

ஆறாம் நாள் அதன் நகம் ஒன்று பிளந்தது. அன்று முழுவதும் தோண்டியும் ஒரு சாண் தூரம்தான் போக முடிந்தது. மழையோ விடவில்லை. குழியில் தேங்கிய தண்ணீர் செம்பனின் வயிற்றைத் தொட்டது.

வேழினி உடைந்துபோனாள். "ஒரு சாணா? அதனால் என்ன ஆகப்போகிறது? போதும், விட்டுவிடு."

அந்த நேரம் குழிக்குள்ளிருந்து மெலிந்த குரல் ஒன்று கேட்டது. "அம்மா! சுவருக்குள் யாரோ பிறாண்டுகிறார்கள். நேற்றைவிட இன்று கிட்டத்தில் கேட்கிறது!"

அலங்கு மறுபடியும் உள்ளே போனது.

ஏழாம் நாள் இரண்டு சாண். எட்டாம் நாள் பழையபடி ஒரே சாண். குரங்கு எண்ணுவதை நிறுத்திவிட்டுச் செவியைத் தரையில் வைத்துக் கேட்டது.

ஒன்பதாம் நாள் காலையில், அலங்கின் நகம் மண்ணைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனது. ஒரு நெல்லிக்காய் நுழையும் அளவுதான் ஓட்டை. அதன் வழியே தண்ணீர் பீறிட்டது.

மறுகணம் மலையே உறுமியது! நான்காம் நாள் முதல் தேங்கிய மழை வெள்ளம் அந்தச் சிறு வழியில் பாய்ந்து, மண்ணை அறுத்து, மேற்கூரையைச் சரித்து, பாறையையும் உருட்டிக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளத்தின் முன்னால் பந்தாகச் சுருண்ட அலங்கு உருண்டு வந்து புல்லில் விழுந்தது.

வெள்ளம் வடிந்தது. அகன்ற செம்மண் பாதை ஒன்று மலையின் வயிற்றிலிருந்து திறந்து கிடந்தது. அதன் வழியே, சேறு சொட்டச் சொட்ட, செம்பன் நடந்து வந்தான்.

காடு மூச்சுவிட மறந்தது.

செம்பன் தன் தாயிடம் ஓடவில்லை. முதலில் அந்தச் செதில் பந்திடம் போய், தும்பிக்கையால் மெல்லத் தடவினான். அலங்கு கண் விழித்து, "வந்துவிட்டாயா?" என்றது.

புலிக்கும் வழிவிட்டு அறியாத வேழினி, அந்தச் சிறிய உயிரின் முன்னால் முழங்கால் மடித்து அமர்ந்தாள். அவளுக்குப் பின்னால், கூட்டத்து யானைகள் ஒவ்வொன்றாக அமர்ந்தன.

நீதி: போட்ட திட்டம் தவறினாலும், அன்றன்று முடிந்ததை அன்றன்று செய்துகொண்டே போனால் எண்ணிய காரியம் கைகூடும்.