முதல் எழுத்துக்கு முன்னால்

ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடம் சோதனைக் குழாய் கழுவிய பிறகுதான் சுடலைமுத்து ஆராய்ச்சி மாணவர் ஆனார். அவருடைய வழிகாட்டி ஃபஹ்மிதா, அவரைவிட எட்டு வயது இளையவர். இவர் "மேடம்" என்பார். அவர் "அண்ணாச்சி" என்பார்.

ஒரு திங்கட்கிழமை சுடலைமுத்து ஓர் அறிக்கையைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். பேச்சித்தாய் என்ற பெண்ணுக்கான அறிக்கை. அவளுடைய இரண்டு ஆண் குழந்தைகளும் பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோயின. புரதம் உடையும்போது உண்டாகும் நஞ்சைக் கழிக்க ஈரலில் ஒரு நொதி வேண்டும். அது குழந்தைகளிடம் இல்லை. நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது. இப்போது அவளுக்கு ஆறு மாதம். மாமியாரோடு வராந்தாவில் காத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"ரெண்டாவது பிள்ளைகிட்ட அப்பவே எடுத்து வச்சிருந்த ரத்தத்துல அந்த நொதிக்கான ஜீனை முழுசாப் படிச்சேன், மேடம். முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும், ரெண்டு தடவை. பிழையே இல்ல. குறை இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"குறை இல்லாமலா செத்துப்போச்சு?"

"அதான் எனக்கும் புரியல. ஜீன் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் நொதி வரல?"

ஃபஹ்மிதா பேனாவை மூடினார்.

"உங்க கையைக் கிள்ளுங்க, அண்ணாச்சி."

சுடலைமுத்து கிள்ளிக்கொண்டார்.

"அந்தத் தோல்ல இந்த ஜீன் இருக்கா?"

"எல்லா செல்லுலயும் இருக்கு."

"அதுல பிழை இருக்கா?"

"இருந்தா உங்ககிட்ட ஏச்சு வாங்குற வயசு வரைக்கும் இருந்திருப்பேனா, மேடம்?"

"தோல் அந்த நொதியைச் செய்யுதா?"

"இல்ல. ஈரல்தான் செய்யும். கொஞ்சம் குடலும்."

"ஒரே ஜீன். ஈரல் செய்யுது, தோல் செய்யல. ஏன்?"

சுடலைமுத்து கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எங்க இருந்து படிச்சீங்க?"

"முதல் எழுத்துல இருந்து."

"அதுக்கு முன்னால?"

"அங்க நொதியைப் பத்தி எதுவும் எழுதியிருக்காதே, மேடம். வழக்கமா அதைப் படிக்கிறதில்ல."

ஃபஹ்மிதா அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் வரச் சொல்லுங்க."

சுடலைமுத்து முதல் எழுத்துக்கு முன்னால் போய்ப் படித்தார். ஈரல் செல்லிலுள்ள சில புரதங்கள் வந்து அமர்ந்தால்தான் ஜீன் வேலை தொடங்கும் ஓர் இடம் அங்கே இருந்தது. அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மாறிய துண்டை வளர்ப்புத் தட்டிலிருந்த ஈரல் செல்களுக்குள் செலுத்திப் பார்த்தார். அதோடு சேர்த்த ஜீன் வேலை செய்யவில்லை. பிறகு பேச்சித்தாயின் ரத்தத்தைப் பார்த்தார்.

அடுத்த மாதம் அவர் வெறுங்கையோடு உள்ளே வந்தார். அறிக்கை சட்டைப்பையில் மடிந்திருந்தது.

"கிடைச்சிட்டா, அண்ணாச்சி?"

"கிடைச்சிட்டு. அவகிட்ட இருந்துதான் போயிருக்கு, மேடம். அந்த ஜீன் அவளுக்கு ரெண்டு பிரதி. இன்னொண்ணு நல்லா இருக்கதால பிழைச்சிக் கிடக்கா. ஆம்பளப் பிள்ளைக்கு அம்மா குடுக்கது ஒண்ணுதான்."

"சொல்லிட்டீங்களா?"

"மாமியார் பக்கத்துலயே இருக்கா. பிள்ளைய முழுங்குனவன்னுதான் இப்பவே கூப்பிடுதா. நான் வேற போய், உன் ரத்தந்தான்னு எப்படிச் சொல்ல?"

ஃபஹ்மிதா அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார்.

"சொன்னா வயித்துல இருக்கது பிழைக்குமா, மேடம்?"

"பிறந்த அன்னைக்கே ரத்தத்தைப் பாக்கலாம். புரதம் சேராம பாலை நிறுத்தலாம். நஞ்சை இறக்க மருந்து இருக்கு. பிழைக்குமான்னு எனக்குத் தெரியாது."

சுடலைமுத்து ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தார். பேச்சித்தாய் இரு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கே குறை இல்லைன்னு குடுத்து அனுப்பியிருக்கலாம். பேறுகாலம் வரைக்குமாவது நிம்மதியா இருந்திருப்பா."

"ஆமா, அண்ணாச்சி" என்றார் ஃபஹ்மிதா. "அதுக்கப்புறம் ஒரு மூணு நாளும்."