ஊதாப் பட்டு உடுத்திய பொம்மை

குன்னூரில் ஹெப்சிபா என்று ஒரு பெண் இருந்தாள். பழைய பொம்மைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் என்று ஊரில் அவளைச் சொல்வார்கள்.

பெரும்பாலும் பொம்மை வீடுகளில் குடியிருந்த சின்னப் பொம்மைகள்தான் அவளிடம் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும். பீங்கான் தலை, பீங்கான் கை கால், மரத்தூள் அடைத்த துணி உடம்பு. ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் விலைபோய், துரைமார் வீட்டுப் பிள்ளைகளோடு கப்பலேறி மலைக்கு வந்தவை. துரைமார் திரும்பிப் போனார்கள். பொம்மைகளில் பல இங்கேயே தங்கிவிட்டன.

பங்கயம் அவளிடம் தொழில் கற்க வந்தபோது பங்கயத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஹெப்சிபாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் மாணவி குருவை "டீச்சர்" என்றாள். குரு மாணவியை "அக்கா" என்றாள். இருவருக்கும் அது ஒத்துப்போயிற்று.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பங்கயம் தையல் சொல்லிக்கொடுத்தவள். கணவர் இறந்தபின் வேலையை விட்டுவிட்டுக் குன்னூரில் தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தாள். ஊசி பிடித்துப் பழகிய கை. ஆனால் ஹெப்சிபாவின் மேஜைக்கு முன்னால் அந்தக் கைகள் மடியிலேயே கிடந்தன.

"நீங்க எடுங்க டீச்சர். நான் பார்த்துக்கிறேன்" என்பாள்.

ஹெப்சிபா வற்புறுத்தவில்லை. கண்ணால் கற்கக்கூடியதைக் கண்ணுக்குக் கொடுத்தாள்.

"இந்தப் பொம்மைக்கு என்ன வயசு இருக்குங்க?" என்று பங்கயம் ஒருநாள் கேட்டாள்.

"முகத்தைப் பார்த்தா தெரியாது. காலைப் பாருங்க."

பங்கயம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பீங்கான் காலில் கறுப்புச் சாயத்தால் காலணி வரைந்திருந்தது. அடிப்பாகம் தட்டையாக இருந்தது.

"குதி இல்லைங்களே."

"அப்ப பழசு. குதி உயர்ந்த ஹீல் செருப்பு பின்னாடி வந்த மோஸ்தர்."

"உடுப்பைக் கழட்டி உள்ள பார்க்கலாங்களா?"

"கழட்ட முடியாதுக்கா. உடம்போட சேர்த்துத் தைச்சிருக்காங்க. அம்மாவுக்குத் தைச்ச கவுன்ல மிஞ்சின துண்டை எடுத்து மக தன் பொம்மைக்குத் தைச்சிருப்பா. அம்மா அப்புறம் எத்தனையோ கவுன் மாத்தியிருப்பாங்க. பொம்மை மாத்தலை. அந்த வருஷம் எப்படி உடுத்தினாங்களோ, அதே உடுப்புல இன்னும் நிக்குது."

இப்படித்தான் பாடம் நடந்தது.

ஒரு மழைக்காலக் காலையில் சுலோச்சனா என்பவரின் வீட்டிலிருந்து ஒரு பொம்மை வீடு வந்து இறங்கியது. சுலோச்சனாவின் தாத்தா அந்தக் காலத்தில் குன்னூரில் டாக்டர். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன வீடு அது. உள்ளே மீசை வைத்த அப்பா, ஊதாப் பட்டுக் கவுன் உடுத்திய அம்மா, இரண்டு பிள்ளைகள், கட்டம்போட்ட பருத்தி உடுப்பில் ஒரு சமையல்காரி. அப்பாவின் கால் முறிந்திருந்தது. மற்றபடி எல்லோரும் சுகமாக இருப்பதுபோலத் தெரிந்தது. மத்தியானம் நேரில் வந்து பார்ப்பதாக சுலோச்சனா சொல்லியனுப்பியிருந்தார்.

ஹெப்சிபா அப்பாவின் காலுக்குப் பசை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, அந்த அம்மாவை வெளிய எடுத்து மேஜையில படுக்க வைங்க."

"நானுங்களா?"

"நான் கையை எடுத்தா இவர் கால் விழுந்துடும்."

பங்கயம் கையைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். ஒரு உள்ளங்கையைப் பொம்மையின் முதுகுக்குக் கீழே கொடுத்து, இன்னொன்றைக் காலடியில் ஏந்தி, மெல்லத் தூக்கினாள்.

சருகு நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஊதாப் பட்டு இடுப்பிலிருந்து கீழ்வரைக்கும் நீளமாகப் பிளந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கீறல். அப்புறம் இன்னொன்று. அவள் விரல் அசையவே இல்லை. ஆனாலும் பட்டு அவள் உள்ளங்கைகளில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"டீச்சர்."

ஹெப்சிபா நிமிர்ந்தாள்.

"கிழிச்சுட்டேனுங்க."

"அப்படியே நில்லுங்க."

ஹெப்சிபா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அப்பாவின் கால் மறுபடியும் கழன்றது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை. தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்துப் பங்கயத்தின் கைகளுக்குக் கீழே கொண்டுவந்து பிடித்தாள்.

"இப்ப மெதுவா இறக்குங்க."

பங்கயம் இறக்கினாள். பிறகு நேரே கதவருகே போய்ப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

"நான் கிளம்புறேனுங்க. சுலோச்சனாம்மா வந்தா நான்தான் கிழிச்சேன்னு சொல்லிருங்க. இனிமே வரலைங்க."

"மழை விடட்டும்" என்றாள் ஹெப்சிபா.

சாவியை எடுத்துச் சுவர் அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பெட்டியின் விளிம்பு முழுக்கக் காகிதப் பட்டை ஒட்டி மூடியிருந்தது.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க வெச்சுட்டுப் போனது. நல்ல உடுப்பு, காத்துகூடப் படக்கூடாதுன்னு அவங்களே ஒட்டினாங்க. அதுக்கப்புறம் யாரும் திறக்கலை. சுத்திப் பாருங்க."

பங்கயம் குடையோடு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். பட்டை எங்கும் பிரியவில்லை. உள்ளே பச்சைப் பட்டில் ஒரு பொம்மை நின்றிருந்தது. அதன் கவுன் நார்நாராகத் தொங்கியது. காலடியில் பச்சைத் தூள் குவிந்து கிடந்தது.

"இதை யார் கிழிச்சது?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

பங்கயம் மறுபடியும் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"யாரும் தொடவே இல்லீங்களே."

"தொடலை."

"அப்புறம் எப்படிங்க?"

"அந்தக் காலத்துல பட்டுத்துணியை எடை போட்டு வித்தாங்க. பட்டு நூல்ல இயற்கையாவே இருக்கிற பசை போகக் கழுவினா எடை குறைஞ்சுடும். குறைஞ்சதுக்கு ஈடா வெள்ளீய உப்புல ஊறப்போட்டாங்க. துணி கனமா விழுந்துச்சு, நடந்தா சரசரன்னு கேட்டுச்சு. அந்தச் சத்தம் வேணும்னே கேட்டு வாங்கினவங்க உண்டு. உப்பு அன்னைக்கே இழையை அறுக்க ஆரம்பிச்சிருச்சு."

"வெளிய தெரியாதுங்களா?"

"பளபளன்னுதான் இருக்கும்."

பங்கயம் பொம்மை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சமையல்காரி உடுப்பு கெடலீங்களே?"

"அது பருத்தி. அதுல யாரும் எதையும் ஏத்தலை."

பங்கயம் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் அடைத்திருந்தது பாதி இறங்கியதுபோல இருந்தது. மீதிப் பாதி இறங்கவில்லை. கார் சத்தம் கேட்டதும் அது மறுபடி மேலே ஏறியது.

சுலோச்சனா மழைக்கோட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தார். வெள்ளை முடி, உரத்த குரல். ஹெப்சிபா தட்டை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னாள். உப்பைப் பற்றியும் சொன்னாள்.

"எடுத்தது நானுங்க" என்றாள் பங்கயம்.

சுலோச்சனா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இனி இவளை நிக்க வைக்க முடியுமா?"

"முடியாதுங்க" என்றாள் ஹெப்சிபா. "மெல்லிசான வலைத்துணியால உடுப்பை மூடி, படுக்க வெச்சாத் தாங்கும்."

"நாங்கல்லாம் பிறக்கறதுக்கு முன்னாடி இருந்தே நின்னுட்டிருக்கா. எங்க பாட்டியும் இவளை உட்கார விடலை, எங்கம்மாவும் விடலை." சுலோச்சனா நிமிர்ந்து சிரித்தார். "படுக்கட்டும் விடுங்க. பொம்மை வீட்டு மாடி ரூம்ல கட்டில் சும்மாதானே கிடக்கு? டீ கிடைக்குமா?"

டீ குடித்துவிட்டு, அப்பாவின் காலை மட்டும் நல்லபடியாக ஒட்டச் சொல்லிவிட்டு அவர் போனார். கார் வளைவு திரும்பும்வரை பங்கயம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுக்காரரை மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. அவரு பஸ்ல போலாம்னாரு. நான்தான், நல்ல காத்து அடிக்குது, படியிலயே ஏறலாம்னேன். பாதி ஏறினதும் மூச்சு வாங்குதுன்னு நின்னாரு. அவ்வளவுதானுங்க."

ஹெப்சிபா ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"டாக்டர் சொன்னாரு, நெஞ்சுல ரத்தக் குழாய் பல வருஷமா அடைச்சுக்கிட்டே வந்திருக்கு, கட்டில்ல படுத்திருந்தாலும் நடந்திருக்கும்னு. நாத்தனார் சொன்னாங்க, நீ படியேத்தாம விட்டிருந்தா என் தம்பி இருந்திருப்பான்னு. நான் நாத்தனார் சொன்னதைத்தான் மனசுல வெச்சுக்கிட்டேனுங்க."

"படியில விழுந்துட்டாரா?"

"இல்லீங்க. சாயும்போதே பிடிச்சுட்டேன். தலை என் தோள்மேல இருந்துச்சு. என்னமோ சொன்னாரு, என் பேரைத்தான் சொன்னாருன்னு நினைக்கிறேன். என் கையிலதானுங்க போனாரு."

இதை அவள் யாரிடமும் இவ்வளவு தூரம் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்து இறங்கின. வெளியே மழை தூறலாகியிருந்தது.

ஹெப்சிபா தட்டைப் பங்கயத்தின் பக்கம் நகர்த்தினாள். ஊதாத் துணுக்குகள் வெள்ளைக் காகிதத்தில் பொம்மையைச் சுற்றிக் கிடந்தன. பங்கயம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு அறுத்துச்சுன்னு புரியுதுங்க டீச்சர். ஆனாலும் இது கடைசியில என் கையிலதானுங்களே கிழிஞ்சுது?"

"ஆமாக்கா, உங்க கையிலதான்" என்றாள் ஹெப்சிபா. "அதனாலதான் ஒரு துணுக்குகூடத் தரையில விழலை."