பச்சை பூசிய ஊர்

விண்வெளிப் படிப்பு என்றாலே ராக்கெட் விடுவதுதான் என்று ஊரில் ஒரு நினைப்பு. வேதமுத்துவின் மாமியார்கூட, "மாப்பிள்ளை எப்ப நிலாவுக்குக் கிளம்புறார்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நிலாவாவது, மண்ணாங்கட்டியாவது. அந்த முதுகலை வகுப்பில் இரண்டு வருடமும் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்து அனுப்புகிற படங்களைப் பார்த்துக் கண் பூத்துப் போவதுதான் வேலை. எது வயல், எது குளம், எது வெள்ளம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் பெரிய கம்பெனிக்காரன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்.

வேதமுத்து பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து, அதை உதறிவிட்டுப் படிக்க வந்தவர். பாடம் சொன்ன பேராசிரியை ராபியா அவரைவிட இரண்டு வயது சின்னவர். வகுப்பில் வயதா பேசும்? குரு குருதான், சிஷ்யன் சிஷ்யன்தான்.

ஒருநாள் மத்தியானம் வேதமுத்து ராபியாவின் அறை வாசலில் வந்து நின்றார். கையில் வேலை உத்தரவு. முகத்தில் ஈயாடவில்லை.

"வேலை கிடைச்சிருச்சுன்னு சொன்னாங்களே. ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"இந்த வேலைக்கு நான் போகலாமா மேடம்?"

"ஏன், போனா என்ன?"

"அந்த வெள்ள வரைபடத்தைப் பார்த்துட்டுத்தான் என்னை எடுத்தாங்க."

ராபியாவுக்கு அந்த வரைபடம் தெரியாமல் இருக்குமா? போன மழைக்கு ஆற்றுக்கரை ஊர்கள் முழுகியபோது, எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவசரமாகச் சொல்லச் சொல்லி அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். வேதமுத்துதான் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் நின்ற இடம் நீலம், நிற்காத இடம் பச்சை. ஒரு பிசிறு இருக்காது. ராபியாவே அதைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருந்தார்.

"அதுல ஆலங்கரம்பைன்னு ஒரு ஊர் மேடம். பச்சையா இருக்கு. அங்க இடுப்புக்கு மேல தண்ணி நின்னுருக்கு."

"எப்படிப் பச்சை ஆச்சு?"

"படம் எடுத்த நேரத்துல அந்த ஊருக்கு மேல மேகம். மேகம் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டையா நின்னுச்சு. ஓட்டையில பூஜ்யம் போட்டு நிரப்பிட்டேன்."

பூஜ்யம் என்றால் அந்தக் கணக்கில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்யும். கண்ணுக்கே தெரியாத ஊரை, பத்திரமான ஊர் என்று பச்சை பூசிவிட்டது. படகெல்லாம் நீலம் இருந்த பக்கம் போனது. கடைசியில் ஆலங்கரம்பைக்கு ஒரு படகு போய்ச் சேர்ந்தபோது, ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட மாடியில் ஒருவர் பாம்பு கடித்துச் செத்துக் கிடந்தார். வீராசாமி என்று பெயர். முந்தின நாளே படகு வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

"ஏன் நிரப்புனீங்க?" என்று கேட்டார் ராபியா.

வேதமுத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. முதல் பருவத்தில் அவர் ஓட்டையோடு ஒரு வரைபடம் கொடுத்தபோது, 'கரையான் அரித்த மாதிரி இருக்கிறது' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கரையான்னு எழுதினது நான்தானே," என்றார் ராபியா. எழுந்து போய் வராந்தாவில் தொங்கிய வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்துவைத்தார்.

வேதமுத்து சட்டென்று பையிலிருந்து இன்னொன்றை எடுத்து விரித்தார். "திருத்திட்டேன் மேடம். ஆலங்கரம்பைக்கு நீலம் கொடுத்தாச்சு. பழசை எடுத்துட்டு இதை வச்சிடலாம்."

"அன்னைக்கு அங்க தண்ணி நின்னதைப் படத்துல பார்த்தீங்களா?"

"எங்க பார்க்கிறது? மேகம்."

"அப்ப இதையும் நீங்க பார்க்கல."

"பின்ன எந்த நிறம்தான் கொடுக்கிறது மேடம்?"

ராபியா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்க, ஆலங்கரம்பைக்குப் போயிட்டு வரலாம்."

"இப்பப் போய் என்ன மேடம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்."

"பஸ் இருக்கு. வாங்க."

ஆலங்கரம்பையில் இறங்கி வீடு விசாரிப்பது சிரமமாக இல்லை. வீராசாமியின் மனைவி தவமணி வாசலில் நெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு வெள்ளம் விட்டுப்போன செம்மண் கோடு. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை.

"வாங்க தம்பி, வாங்கம்மா. எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?"

"ஆபீஸ் இல்லம்மா," என்றார் வேதமுத்து. "வானத்துலேருந்து எடுக்கிற படத்தைப் பார்த்து, வெள்ளம் எங்க நிக்குதுன்னு சொல்ற படிப்பு. நான் படிக்கிறேன். இவங்க எங்க மேடம்."

தவமணி கையிலிருந்த நெல்லை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் படமா? அதைத்தான் தம்பி அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மேலேருந்து படம் புடிக்கிறாங்க, டிவியில சொன்னாங்க, பார்த்துட்டுப் படகு அனுப்பிடுவாங்கன்னு மாடியில எல்லாருக்கும் தைரியம் சொன்னாரு. வீட்டுக்குள்ள தண்ணியில இறங்கி என் கூரைப்புடவைய எடுத்துட்டு வந்தாரு. கல்யாணத்துக்குக் கட்டுனது. இதுலதான் செவப்பு ஜாஸ்தி, நல்லாத் தெரியும்னு சொல்லி மாடிச் சுவத்து மேல விரிச்சுக் கட்டுனாரு. காத்துல பறக்காம ராவும் பகலும் அதைப் புடிச்சிக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு."

வேதமுத்துவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"தெரிஞ்சுதா தம்பி?"

பூஜ்யம் போட்ட கதை வேதமுத்துவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது? பக்கத்தில் ராபியாவைப் பார்த்தார். ராபியா தூரத்தில் தெரிந்த பள்ளிக்கூட மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகம் மறைச்சிருச்சும்மா," என்றார் வேதமுத்து.

மேகம் மறைத்தது உண்மைதான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

தவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேகந்தானா? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் தம்பி. நம்ம ஊருன்னா எளக்காரம், பார்த்தும் விட்டுட்டாங்கன்னு வாயில வந்தபடி ஏசிக்கிட்டே கெடந்தேன். மேகம் மறைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? மனசுல வச்சுக்காதீங்க. இருங்க, காப்பி போடுறேன்."

கருப்பட்டிக் காப்பி வந்தது. வேதமுத்து குடித்தார். ராபியாவின் தம்ளர் வைத்த இடத்திலேயே ஆறிப்போனது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் வேதமுத்து பெட்டிக்கடையில் ஒரு வடை வாங்கித் தின்றார். மழைக்காலத்திலிருந்து சோறு தொண்டைக்குள் இறங்காமல் இளைத்துப்போன மனுஷன்.

"நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க மேடம்," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருக்கு. ஒண்ணாம் தேதி வேலையில சேர்ந்துடுறேன்."

பஸ் வந்து நின்றது. வேதமுத்து படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ராபியா நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏறுங்க மேடம்."

"நீங்க போங்க. நான் அந்தம்மா வீட்டுக்கு இன்னொரு தடவை போகணும்."

"எதுக்கு மேடம்?" என்றார் வேதமுத்து. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அவங்கதான் மன்னிச்சுட்டாங்களே."

"அவங்க மன்னிச்சது மேகத்தை, வேதமுத்து."