பூசிய பக்கம்

"மெழுகைச் சுரண்டாம அப்படியே கடைஞ்சா என்னம்மா?"

கேட்டுவிட்டுத் திரவியம் குருவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசல் இயந்திரத்தில் ஏற்றியிருந்த வாகைக் கட்டையைத்தான் பார்த்தார்.

குரு செண்பகவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். திரவியம் அவரை அம்மா என்பார். அவரோ திரவியத்தை அண்ணே என்பார்.

பச்சை மரம் சட்டென்று காய்ந்து வெடிக்காமலிருக்கப் பூசி வைக்கும் மெழுகு அது. கடையுமுன் அதைச் சுரண்டி, மரத்தைத் தடவிப் பார்த்து, பிறகே சுற்றவிடுவது ஆசிரமத்து வழக்கம். சுற்றும் கட்டை பிளந்தால் எதிரே இருப்பவர் முகத்தில்தான் தெறிக்கும்.

"சுரண்டினா என்னண்ணே?"

"வேலை மிச்சமாகுமேன்னு பார்த்தேன்" என்று பூசி மெழுகினார் திரவியம்.

போன வாரம் அந்தக் கட்டை அவர் கை தவறிக் கல்தரையில் விழுந்தது. குறுக்கே ஒரு விரிசல்.

செண்பகவல்லியின் குரு நிழலுக்கு உட்கார்ந்த மரம் அது. புயலில் சாய்ந்ததில் மிஞ்சியது இந்த ஒரே கட்டை. அதில் ஒரு பிச்சைப் பாத்திரம் கடைய அவர் வெகுநாளாய்க் காத்திருந்தார்.

சொன்னால் வெளியே போகச் சொல்வார். வீடு வாசலை உதறிவிட்டு வந்தவருக்குப் போக இடமில்லை.

திரவியம் அன்றே மெழுகுவத்தியை உருக்கி விரிசலில் ஊற்றி, விரலால் தடவி மறைத்துவிட்டார்.

"சரி, அண்ணன் சொல்றபடியே ஆகட்டும்."

திரவியத்துக்கு மூச்சு வந்தது.

செண்பகவல்லி உளியை எடுத்தார். கட்டைக்கு நேரே குனிந்தார்.

வந்த மூச்சு நின்றது.

"முகத்துக்குக் கவசம் போட்டுக்குங்கம்மா."

"நல்ல கட்டைதானே?"

"நல்ல கட்டைதான்... இருந்தாலும்."

"இருந்தாலும்?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்."

"நல்லாயிருக்கே! ஓரமா நிக்கிறவ எப்படிக் கடையறது? மாப்பிள்ளை தெருவுல நின்னு தாலி கட்டுன கதையால்ல இருக்கு."

திரவியத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னண்ணே, குளிச்ச மாதிரி வேர்த்திருக்கு?"

"இங்க... காத்தே இல்ல."

"ஆமா, இல்லதான்."

செண்பகவல்லியின் கை சுவிட்சுக்குப் போனது. சொல்லிவிடு என்றது நெஞ்சு. போக இடமில்லை என்றது வயிறு.

டக்.

சொல் வரவில்லை. உடம்புதான் பாய்ந்தது. கட்டைக்கும் குருவின் முகத்துக்கும் நடுவே தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

"கண்ணைத் திறங்கண்ணே. கரண்டு போயி எவ்வளவோ நேரமாச்சு."

திரவியம் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி அசையாமல் தொங்கியது.

செண்பகவல்லி சுரண்டும் தகட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க பூசின பக்கத்திலேருந்து ஆரம்பிங்க."