தொண்ணூற்றிரண்டு சதவீதம்

மலையடியில் ஒரு சாமியார் இருந்தார். அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு பகலில் சீடர் செம்பியன் வந்தார். செம்பியனுக்கு ஐம்பது வயது. பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். மாணவர் விடுதியின் காப்பாளரும் அவரே. கையில் இரண்டு தாள்கள்.

"மாசானமுத்துன்னு ஒரு பையன், சாமி. ரெண்டாம் வருஷம். போதை மாத்திரை. மூணு மணிக்குக் கூட்டம். இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டா அவனை நீக்கிடுவாங்க."

"இன்னொண்ணு?"

"ஏன் விழுந்தான்னு எழுதியிருக்கேன். தனிமை. தோத்துடுவோமோங்கிற பயம். இங்கிலீஷ் வராத கூச்சம். மத்தவனோட தன்னை ஒப்பிட்டுக் குமையறது. மொத்தம் பதினொரு காரணம். இதுல எது வேர்னுதான் பிடிபடலை."

சாமியார் கொஞ்சம் மொச்சையை அவர் பக்கம் தள்ளினார். செம்பியனும் உரித்தார்.

"உன் வகுப்புல எங்க உட்காருவான்?"

செம்பியன் தாளைப் பார்த்தார்.

"வருகைப் பதிவு நல்லா இருக்கு, சாமி. தொண்ணூத்திரண்டு சதவீதம்."

"அப்போ தினமும் வந்தான்."

"இல்லை. ரெண்டு மாசமா வரவே இல்லையாம். பேர் கூப்பிடுறப்போ பக்கத்துப் பையன் 'பிரசன்ட் சார்' சொல்லியிருக்கான். நான் தலை நிமிராமக் குறிச்சுட்டேன்."

"பிறகு எப்படித் தெரிஞ்சது?"

"காய்ச்சல்ல மூணு நாள் அறையிலயே கிடந்திருக்கான். மாத்திரை விக்கிறவன் அவனைத் தேடி விடுதிக்கே வந்துட்டான். வாட்ச்மேன் பிடிச்சுப் போலீஸ்ல கொடுத்தார்."

"வந்தவன் என்ன சொன்னான்?"

"'மூணு நாளா முத்துவைக் காணோம், உடம்புக்கு என்னன்னு பார்க்க வந்தேன்'னானாம்." செம்பியன் சிரித்தார். "யாவாரம் போயிடுமேன்னு வந்திருக்கான், திருட்டுப் பய."

"ஆமா. யாவாரத்துக்குத்தான் வந்தான்."

சாமியார் தோலையெல்லாம் கூட்டி ஒரு பக்கம் வைத்தார்.

"பேனா இருக்கா?"

"இருக்கு, சாமி."

"பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு வரி சேர்த்துக்க. இந்தப் பல்கலைக்கழகத்துல அவனுக்கு ஒழுங்கா வருகை எடுத்தது ஒருத்தன்தான், அவனையும் பிடிச்சுக் கொடுத்தாச்சுன்னு எழுது. எழுதிட்டு, அந்த வரிக்குக் கீழேயே உன் கையெழுத்தைப் போடு."