கழுதை சாரை வீட்டில் விட்ட கதை

குளக்கரைப் பள்ளியில் கழுதை சார் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூழைக்கடா அக்கா மதிய உணவு சமைத்து, தன் அலகுப் பையால் அள்ளிப் பரிமாறினார். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது ஒரே நாளில் ஓய்வு பெறப்போகிறார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, ஆசிரியர்களும் பிள்ளைகளுமாக ஊர்வலம் போவார்கள். அவரை அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள்.

இதை நினைத்தாலே கழுதை சாருக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால், அவருக்கு வீடே கிடையாது!

தினமும் மாலையில் எல்லோருடனும் வாசல் வழியாகத்தான் வெளியே போவார். "வரட்டுமா?" என்பார். எல்லோரும் மறைந்ததும் வேலி இடுக்கு வழியாகத் திரும்பி வருவார். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் படுத்துக்கொள்வார். முதல் வருஷமே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதைச் சொல்வது ஒவ்வொரு வருஷமும் இன்னும் கடினமாகிப்போனது.

விழாவுக்கு முதல் நாள் அவர் ஆற்றங்கரையில் கவலையோடு நின்றிருந்தார். அப்போது புதர் அசைந்தது.

"சார்! என்னைத் தெரியவில்லையா? நான் உங்களிடம் படித்தவன் சார்!"

நரி! முட்டை திருடியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அதே நரி! ஆனால் 'உங்களிடம் படித்தவன்' என்ற சொல்லைக் கேட்டதும் கழுதை சாருக்கு முட்டை மறந்துபோயிற்று. கண் கலங்கிற்று. அப்படியே தன் கஷ்டத்தையும் சொல்லிவிட்டார்.

"இவ்வளவுதானா சார்!" என்றது நரி. "ஒரு சாயங்காலத்துக்கு என் குகை உங்கள் வீடு! நான் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஒன்றே ஒன்று. பிள்ளைகளை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாவம், நடந்த கால்கள்!"

"எப்படிப்பட்ட மனசு!" என்று உருகினார் கழுதை சார். "நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை!"

மறுநாள் விழா தொடங்கியது. தலைமையாசிரியர் எருமை மாலை போட்டார். முதலில் கூழைக்கடா அக்காவைப் பேசச் சொன்னார்கள். அக்கா அலகைத் திறந்தார். உடனே முன்வரிசைப் பிள்ளைகள் தட்டை நீட்டிவிட்டார்கள்!

"பார்த்தீர்களா? என் பேச்சு இவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் அக்கா. உட்கார்ந்த பிறகு சிறகால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழுதை சார் எழுந்தார். "என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பிள்ளையாலும் தூங்க முடிந்ததில்லை. அதுதான் என் சாதனை! உங்களுக்குக் கணக்கு வந்ததோ இல்லையோ, எனக்குப் பொறுமை வந்தது." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊர்வலம் கிளம்பியது. வாத்துக் குஞ்சுகள், முயல் குட்டிகள், கௌதாரிக் குஞ்சுகள் எல்லாம் வரிசையாக நடந்தன. டிரில் மாஸ்டர் குரங்கு மேளம் அடித்தது.

"என்ன சார், மாலையைத் தின்றுகொண்டே வருகிறீர்கள்?" என்று குரங்கு கேட்டது. "வீடு வருவதற்குள் நார்தான் மிஞ்சும்!"

பதற்றத்தில் பாதி மாலையைத் தின்றிருந்த கழுதை சார் வாயை மூடிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில் என்ன செய்வீர்கள் அக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். எழுந்து பார்த்தால் அடுப்பு இருக்காது. நினைத்தால்தான் என்னவோ போல இருக்கிறது. நீங்கள் சார்?"

"எனக்கும் விழிப்பு வரும்" என்றார் கழுதை சார்.

முதலில் அக்காவின் புளியமரம் வந்தது. மகன், மகள், மருமகள், பேரன், பேத்தி என்று கிளைக்குக் கிளை ஒரே கூச்சல்! அதைப் பார்க்கப் பார்க்கக் கழுதை சாரின் தலை தாழ்ந்தது.

"என் வீடு எங்கே ஓடிப்போகிறது? சாரை விட்டுவிட்டு வருகிறேன்" என்று அக்காவும் கூடவே நடந்தார்.

குகை வந்தது. "அடேயப்பா! நம் கணக்கு சாருக்குக் கல்வீடு!" என்று குரங்கு கூவியது.

பிள்ளைகள் முண்டியடித்தன. "இருங்கள். முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கழுதை சார் உள்ளே நுழைந்தார். எங்கே போனாலும் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகிறவர் இல்லை அவர்.

உள்ளே சுவரோரம் நரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் மைத்துனன் நரி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மைத்துனன். எல்லாம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன.

"ஒவ்வொருவராக அனுப்புங்கள் சார்" என்றது நரி.

"டேய்! உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாயே!"

"உறவுக்காரர்களை இங்கேயே வரவழைத்துவிட்டேன் சார்! கத்தினால் உங்களுக்குத்தான் அவமானம். 'இவருக்கு வீடு கிடையாது, கடன் வாங்கிய குகை' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷ மரியாதை ஒரு நிமிஷத்தில் போய்விடும். யோசியுங்கள்!"

கழுதை சார் யோசிக்கவில்லை. குகை வாயிலுக்கு வந்து, முகம் வெளியேயும் பின்னங்கால்கள் உள்ளேயுமாக, வழியை அடைத்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினார்.

"இது என் வீடு இல்லை! எனக்கு வீடே கிடையாது! உள்ளே நரி இருக்கிறது! ஓடுங்கள்!"

நரிகள் பாய்ந்தன. கழுதை சாரின் பின்னங்கால்கள் ஒரு உதை விட்டன. "அம்மா!" என்றது ஒரு மைத்துனன். இன்னொரு உதை. "ஐயோ!" என்றது இன்னொரு மைத்துனன். எருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்தார். மூன்று நரிகளும் கொல்லைப்புறப் பொந்து வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடின. பிறகு அந்தப் பக்கமே அவை தலைகாட்டவில்லை.

புழுதி அடங்கியது. கழுதை சார் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். விறகுக் கொட்டகையைச் சொன்னார். வேலி இடுக்கைச் சொன்னார். "என் வெட்கத்துக்காக உங்களையெல்லாம் நரியின் வாசலுக்கு அழைத்து வந்துவிட்டேன். நாளையிலிருந்து அங்கேயும் படுக்க எனக்கு உரிமை இல்லை. நான் இப்படியே போய்விடுகிறேன்" என்றார்.

கூழைக்கடா அக்காவுக்குக் கோபம் பொங்கியது. "என் அடுப்புக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டு, ஒரு ராத்திரிகூட ஒரு வாய்க் கூழ் கேட்கவில்லையே! நீங்களெல்லாம் ஒரு மனுஷனா?"

"இல்லை அக்கா. கழுதை" என்றார் அவர்.

முதலில் ஒரு வாத்துக் குஞ்சு சிரித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

எருமை தொண்டையைச் செருமினார். "சார், உங்களுக்கு ஓய்வு கொடுத்தது வேலையிலிருந்து. வீட்டிலிருந்து யார் உங்களைப் போகச் சொன்னது? ஓய்வு பெறுகிறவரை வீட்டில் விடுவது நம் வழக்கம். தவறான வீட்டுக்கு வந்துவிட்டோம், அவ்வளவுதான். எல்லோரும் திரும்புங்கள்! டிரில் மாஸ்டர், மேளம் எங்கே?"

ஊர்வலம் திரும்பியது. பள்ளி வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க, மேளச் சத்தத்தோடு விறகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கழுதை சார் தன் வாசலில் நின்றார். இதுவரை அவர் யாரையும் தன் வீட்டுக்குள் அழைத்ததே இல்லை.

"வாருங்கள்" என்றார் கடைசியில். "உள்ளே வாருங்கள்!"

உள்ளே ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அத்தனை பேரும் நுழைந்தார்கள்.

நம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டும் வெட்கம் நம்மை நேசிப்பவர்களையே ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். உள்ளதைச் சொல்லிவிட்டால் அவர்களே நம்மை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.