விற்ற சீட்டு, கொடுத்த சீட்டு

திருநெல்வேலியில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் தள்ளுபடிச் சீட்டு ஒன்று பிறந்தது. அதன் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘அடுத்த முறை வாங்கும்போது ஆயிரம் ரூபாய் தள்ளுபடி’ என்று இருந்தது. பின்பக்கத்தில் எறும்புச் சாரை போலப் பொடியெழுத்து.

சீட்டுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சுபாவம்.

“என் முதுகில் உட்கார்ந்து நீ என்ன சொல்கிறாய்?” என்று பொடியெழுத்திடம் கேட்டது.

“யாராவது படித்தால் தெரியும். நானாகப் பேச எனக்கு உத்தரவில்லை,” என்றது பொடியெழுத்து.

அன்று ஃப்ரிட்ஜ் வாங்கிய ஜெசிந்தாவின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்து எதுவும் வாங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. மூன்று மாதம் சீட்டு அவள் கைப்பையிலேயே கிடந்தது. சீட்டின் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அதன் முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து இணையத்தில் போட்டாள்: ‘ஆயிரம் ரூபாய்ச் சீட்டு, முந்நூறுக்கு.’

அதைத் தவமணி பார்த்தாள். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள் அவள். அந்த வாரம்தான் அவளுடைய கிரைண்டர் புகைந்து நின்றுபோயிருந்தது. வாடிக்கை வீடுகள் வேறு இடத்தில் மாவு வாங்கத் தொடங்கிவிட்டன. புது கிரைண்டருக்குக் கையிலிருந்த பணம் போதவில்லை. விலையில் ஆயிரம் குறைந்தால் சமாளித்துவிடலாம். மறுநாளே பஸ் நிலையத்தில் ஜெசிந்தாவைச் சந்தித்து, முந்நூறைக் கொடுத்துச் சீட்டை வாங்கினாள்.

“இப்போது நான் யாருக்குச் சொந்தம்?” என்றது சீட்டு. பொடியெழுத்தை அதுவரை யாரும் படித்திருக்கவில்லை.

கெடு முடியும் நாளில் தவமணி கிரைண்டர் வாங்கக் கடைக்குப் போனாள். கடை மேலாளர் வேலாயுதம் கம்ப்யூட்டரில் சீட்டின் எண்ணைத் தட்டினார்.

“ஜெசிந்தான்னு பேரு வருது. அது நீங்களாம்மா?”

“இல்ல சார். நான் தவமணி.”

வேலாயுதம் சீட்டைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “‘இச்சீட்டைப் பிறருக்கு அன்பளிப்பாகத் தரலாம். விற்கக் கூடாது. விற்ற சீட்டு செல்லாது.’ இது உங்களுக்குச் சும்மா கிடைச்சதாம்மா, காசு கொடுத்து வாங்குனதா?”

சீட்டு பதறியது. ‘சும்மா’ என்ற ஒரு வார்த்தை போதும். சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அது தவமணியின் முகத்தையே பார்த்தது.

“முந்நூறு ரூபா கொடுத்தேன் சார். எனக்கு இது தெரியாது. போலீஸ் கேஸ் ஆயிருமா?”

“கேஸெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீங்க திருடலை, நகல் எடுத்து நாலு பேருக்கு வித்து ஏமாத்தலை. ஆனா இது கடையோட நிபந்தனை. வித்த சீட்டை நான் எடுத்துக்க முடியாது.”

தவமணி கடைக்கு வெளியே வந்து ஜெசிந்தாவை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“ஐயோ, பின்னால எழுதியிருக்கிறத நானும் படிக்கலையே அக்கா!” என்றாள் ஜெசிந்தா. “உங்க முந்நூறை இப்பவே போன்ல அனுப்பிடுறேன். சீட்டைத் திருப்பித் தர வேண்டாம். எங்கிட்ட இருந்தா இன்னையோட அது குப்பைதான். நீங்களே வச்சுக்கோங்க, சும்மாதான் தர்றேன்.”

பணம் வந்தது. தவமணி உள்ளே போய், போனை வேலாயுதத்திடம் நீட்டினாள். ஜெசிந்தா அவரிடமும் அதையே சொன்னாள்.

வேலாயுதம் மோவாயைச் சொறிந்தார். சீட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். “இப்ப இது அன்பளிப்பு,” என்று சொல்லி பில்லில் ஆயிரத்தைக் கழித்தார். கிரைண்டர் ஆட்டோவில் ஏறியது.

“அதே தாள், அதே இரண்டு பெண்கள், அதே கிரைண்டர்,” என்றது சீட்டு. “சற்று முன் செல்லாத நான் இப்போது எப்படிச் செல்லுபடியானேன்?”

ஒருவர் படித்துவிட்டதால் பொடியெழுத்துக்கு இப்போது பேசத் தடையில்லை.

“சும்மா தரலாம், விற்கக் கூடாது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்,” என்றது அது. “அதற்கு அப்பால் உள்ளதை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.”